காட்டுக்காக வளர்க்கப்படும் குட்டிகள்

காட்டுயிர் மீட்பு மறுவாழ்வு மையங்களில் நாள்தோறும் என்ன வேலை நடக்கிறது, அங்கே வளரும் குட்டிகள் உண்மையாகவே காட்டுக்குத் திரும்புகின்றனவா, விலங்கியல் முதுகலை படிக்கும் தங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவனாகப் பல ஆண்டுகள் காயம்பட்ட பறவைகளையும் சிறு விலங்குகளையும் கையாண்டவன் என்ற முறையிலும், இம்மையங்களின் பணியைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையிலும் இந்தப் பதிலை எழுதுகிறேன். இந்தியாவில் இந்த வேலையின் எல்லாக் கட்டங்களையும் ஒருசேரக் காண வேண்டுமானால் அசாமின் காசிரங்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரைமீறிப் பாயும் வெள்ளச் சமவெளியில் அமைந்திருக்கிறது காசிரங்கா தேசியப் பூங்கா. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் வாழும் அந்தப் புல்வெளிக்கு வெள்ளம் தேவையான ஒன்று. வண்டலைக் கொண்டுவந்து பரப்புவதும், ‘பீல்’ என்று அசாமியர் சொல்லும் ஏரிகளுக்குப் புதுநீரையும் மீனையும் சேர்ப்பதும் அதுவே. ஆனால் நீர் மளமளவென்று ஏறும் ஆண்டுகளில் விலங்குகள் மேடு தேடித் தெற்கே கார்பி ஆங்லாங் மலைகளை நோக்கி நடக்கத் தொடங்கும்போது நடுவில் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. தாயின் பின்னால் நீந்தி வரும் குட்டி நீரோட்டத்தில் இழுபட்டு, எங்கோ ஒரு வயலிலோ மூங்கில் தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ ஒதுங்குகிறது. முன்பெல்லாம் இப்படி ஒதுங்கிய குட்டிகளுக்குப் பெரும்பாலும் உயிரியல் பூங்காவே முடிவிடமாக இருந்தது. 2002 ஆகஸ்டில் அசாம் வனத்துறையும் வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும், விலங்குநலப் பன்னாட்டு நிதியத்தின் துணையோடு, பூங்காவை அடுத்த பான்பாரிக் காட்டின் அருகே ஒரு மறுவாழ்வு மையத்தை நிறுவிய பிறகுதான் அந்த நிலை மாறியது.

முதல் சில மணி நேரத்தில் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே பெரிய வேலை என்பதை நீங்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காசிரங்கா வெள்ளத்தில் மிகுதியாக மீட்கப்படும் விலங்குகளில் ஒன்று பன்றிமான். அதை நாய்களும் மனிதர்களும் துரத்திப் பிடிக்கும்போது, அச்சமும் மிதமிஞ்சிய ஓட்டமும் சேர்ந்து அதன் தசைநார்களைச் சிதைத்துவிடுகின்றன. சிதைந்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. உடலில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்த மான், இரண்டு நாள் கழித்து மடிந்து கிடக்கும். ஆகவே தேர்ந்த குழுவினர் மானைப் பிடித்தவுடன் அதன் கண்களைத் துணியால் கட்டுகிறார்கள், பேச்சை நிறுத்துகிறார்கள், கூட்டத்தை விலக்குகிறார்கள். குளிர்ந்து போன உடலைச் சூடாக்காமல் உணவு கொடுப்பதில்லை. நீரிழப்பைச் சரிசெய்யாமல் பால் கொடுப்பதில்லை. பட்டினி கிடந்த உயிருக்கு வயிறு நிறையக் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வந்தவுடன் ஊட்டிவிடத் துடிக்கும் கைகளைத் தடுப்பதற்கே மருத்துவருக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

2019 ஜூலை வெள்ளத்தில் ஒரு பெண் புலி காசிரங்காவிலிருந்து வெளியேறி, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டது. அந்தப் படம் இந்தியா முழுவதும் பரவியது. அன்று மீட்புக் குழுவினர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவர்கள் பகல் முழுவதும் காவல் இருந்து, களைத்துப்போன புலியைத் தூங்கவிட்டு, மாலையில் நெடுஞ்சாலைப் போக்குவரத்தை நிறுத்தி, காட்டுப் பக்கம் போகும் வழியைத் திறந்துவிட்டார்கள். புலி எழுந்து தானே நடந்து காட்டை நோக்கிச் சென்றது. அதற்குத் தன் வீட்டை விட்டுக்கொடுத்த குடும்பத்தையும், கூட்டமாகத் திரண்டாலும் கல்லெறியாமல் நின்ற ஊர்க்காரர்களையும் நான் மீட்புக் குழுவின் உறுப்பினர்களாகவே எண்ணுகிறேன்.

அடுத்தது பால். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு கொல்லப்படும் குட்டிகளில் பெரும்பங்கு இங்கேதான் சாகின்றன. ஒவ்வோர் இனத்தின் பாலும் அந்த இனத்தின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தது. காண்டாமிருகத்தின் பாலில் கொழுப்பு மிகமிகக் குறைவு, சர்க்கரை அதிகம்; பிறக்கும்போதே 60 கிலோ அளவில் இருக்கும் அந்தக் குட்டிக்கு நாம் கெட்டியான எருமைப்பாலைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் உருகிப்போகும். யானைப்பால் இதற்கு நேர்மாறாகக் கொழுப்பு மிக்கது. ஆயினும் பசும்பாலில் உள்ள கொழுப்பு யானைக் குட்டியின் குடலுக்கு ஒத்துவருவதில்லை. கென்யாவில் அனாதை யானைக் குட்டிகளுக்கான மையத்தை நடத்திய டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார் பல குட்டிகளை இழந்து, பல ஆண்டுகள் முயன்ற பிறகே, பால்மாவில் தேங்காய் எண்ணெயைக் கலந்தால் குட்டி தாங்கிக்கொள்கிறது என்று கண்டறிந்தார். நம் அடுக்களையில் அன்றாடம் புழங்கும் எண்ணெய் ஆப்பிரிக்க யானைக் குட்டிகளின் உயிரைக் காத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

பாலின் வகை எவ்வளவு முக்கியமோ, அதைக் கொடுக்கும் விதமும் அவ்வளவு முக்கியம். என் பணியின் தொடக்கத்தில் ஓர் அணில் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து, பீச்சுகுழலால் பசும்பாலைப் புகட்டினேன். மூக்கில் குமிழி வந்தது. மறுநாள் காலையில் குட்டி மூச்சுத் திணறி இறந்தது. பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு நான் செய்த தவறு அது. குட்டியைக் குப்புற, தாயின் மடியில் இருக்கும் வாக்கில் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பின்னர் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் படிப்பறிவு இல்லாத ஒரு பராமரிப்பாளர்.

அந்தப் பராமரிப்பாளர்களைப் பற்றித்தான் நீங்கள் இன்னும் அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மையத்தில் மருத்துவர் ஓரிருவரே இருப்பர். உயிரியலாளர் ஒருவர் இருக்கலாம். ஓட்டுநர், வனக் காவலர், தீவனம் சேகரிப்பவர் எனச் சிலர் இருப்பர். ஆனால் குட்டியை உயிரோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்களிலிருந்தே வரும் பராமரிப்பாளர்கள்தாம். புட்டிகளைக் கொதிநீரில் கழுவுவது, பாலின் சூட்டைப் புறங்கையில் பார்ப்பது, குட்டியின் எடையையும் குடித்த அளவையும் சாணத்தின் நிறத்தையும் குறிப்பேட்டில் எழுதுவது, இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுவது எல்லாம் அவர்கள் வேலை. குட்டி இன்று காதைத் தொங்கப் போட்டிருக்கிறது, பால் குடித்த பின் வழக்கம்போல் விளையாடவில்லை என்று அவர்கள் சொன்னால், இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே மருத்துவர் எழுந்து போக வேண்டும். குட்டிகள் ஒரே இரவில் சாய்ந்துவிடும். அந்த முதல் சோர்வைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் இல்லை.

யானைக் குட்டிக்குப் பால் மட்டும் போதாது, துணையும் வேண்டும். டாஃப்னி அம்மையார் தேங்காய் எண்ணெய்க் கலவையால் முதன்முதலில் தேற்றிய குட்டிகளில் ஒன்று ஆயிஷா. 1974இல் வந்த அந்தக் குட்டி அவரையே தாயாகக் கொண்டுவிட்டது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாள் வெளியூர் போனபோது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தும், குட்டி ஏங்கி உணவை மறுத்து இறந்துபோனது. அந்த இழப்பிலிருந்து வந்ததுதான் அவருடைய மையத்தில் இன்றுவரை உள்ள ஏற்பாடு: பராமரிப்பாளர்கள் இரவில் குட்டியோடு ஒரே கொட்டடியில் படுக்கிறார்கள், ஆனால் ஒரே குட்டியோடு ஒருவரே தொடர்ந்து படுப்பதில்லை, முறை மாறிக்கொண்டே இருக்கும். குட்டி மொத்தக் குழுவையும் குடும்பமாகக் கொள்ள வேண்டும், தனி ஒருவரைத் தாயாகக் கொள்ளக் கூடாது.

எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது. சிறுத்தைக் குட்டியையோ பருந்துக் குஞ்சையோ இப்படி அணைத்து வளர்த்தால் அது மனிதரை நோக்கி வரும் விலங்காகிவிடும். மனிதரை நோக்கி வரும் சிறுத்தை ஊருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. ஆகவே அவற்றுக்கு உணவு வைப்பவர் முகம் காட்டுவதில்லை, பேசுவதில்லை. எந்த உயிரை எவ்வளவு அணைக்க வேண்டும், எந்த மாதத்தில் கையை எடுக்க வேண்டும் என்ற கணக்கே இந்தத் தொழிலின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஒரு குட்டி தேறி வரும்போது அது நம்மைக் கண்டு ஓடிவரும். அந்த மகிழ்ச்சியை மதிக்கிறேன், ஆனால் அதைக் கொண்டாடிப் படமெடுத்து வெளியிடும் மையங்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலை உண்டு.

இனி, திரும்புகின்றனவா என்ற கேள்விக்கு வருகிறேன். அசாமின் மேற்குப் பகுதியில், பூடான் எல்லையை ஒட்டி மானஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1980களின் இறுதியில் தொடங்கிய கலவர ஆண்டுகளில் அங்கிருந்த காண்டாமிருகங்கள் எல்லாம் வேட்டையில் அழிந்தன. 1992இல் அந்த இடம் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காசிரங்கா வெள்ளத்தில் தாயை இழந்து, மறுவாழ்வு மையத்தில் வளர்ந்த ஒரு பெண் காண்டாமிருகத்தை 2006இல் லாரியில் ஏற்றி மானஸுக்குக் கொண்டுபோனார்கள். போடோ மக்களின் செல்வத் தெய்வமான மைனாவ் என்பதே அதற்குப் பெயராயிற்று. காடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட காண்டாமிருகங்கள் 2008இல்தான் மானஸுக்கு வந்தன. அதற்கு முன்பே இந்த அனாதைக் குட்டி அங்கே போய்விட்டது. அடுத்தடுத்து மேலும் சில குட்டிகள் போயின. அவற்றை நேராகத் திறந்துவிடவில்லை. மின்வேலியிட்ட பரந்த அடைப்பில் நெடுங்காலம் வைத்து, அந்த மண்ணின் புல்லையும் சேற்றையும் பழகவிட்டு, ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிய பிறகே வேலியைத் திறந்தார்கள். புட்டிப்பாலில் வளர்ந்த அந்தப் பெண் காண்டாமிருகங்கள் பின்னர் காட்டில் குட்டி ஈன்றன. மானஸ் 2011இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளூர்ப் போடோ இளைஞர்கள் காட்டுக் காவலில் இறங்கியது அவற்றுள் பெரியது. ஆனால் காலியாகிப்போன ஒரு காட்டுக்குள் அந்த இனம் திரும்பக் காலடி வைத்தது மறுவாழ்வு மையத்தின் குட்டியோடுதான்.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தில் இதைவிட நுட்பமான முறை ஒன்று நடக்கிறது. வேட்டையில் தாயை இழந்த கருங்கரடிக் குட்டிகளை அங்கே பராமரிப்பாளர்கள் நாள்தோறும் காட்டுக்குள் நடத்திப் போகிறார்கள். கரையான் புற்றைக் கிளறுவது, பழமரத்தை மோப்பத்தால் அறிவது, ஆபத்தென்றால் மரமேறுவது ஆகியவற்றைக் குட்டிகள் தாமே கண்டுகொள்ள வேண்டும். கூட வரும் மனிதர் பின்னால் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பல மாதங்கள் இப்படிக் காட்டு முகாமில் தங்கி நடந்தபின், குட்டிகள் மெல்ல மெல்ல விலகி, இரவிலும் மரத்தில் தங்கத் தொடங்கும். அட்டையும் மழையும் நிறைந்த அந்தக் காட்டில், பிள்ளைகுட்டிகளை ஊரில் விட்டுவிட்டு ஒரு கரடிக் குட்டியின் பின்னால் நடக்கும் மனிதர்களின் பெயர்கள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. இலங்கையின் உடவளவையில் வனஜீவராசிகள் திணைக்களம் 1995 முதல் நடத்தும் யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லமும் குறிப்பிடத்தக்கது. அங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். பார்வையாளர்கள் தொலைவில் உள்ள மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. ஏறத்தாழ ஐந்து வயதில் குட்டிகளைக் குழுவாகவே தேசியப் பூங்காக்களில் விடுகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு காட்டுக்குப் போயிருக்கின்றன.

எல்லாம் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்ராவை அடுத்த கரடி மீட்பு மையத்தில் இருப்பவை பெரும்பாலும் தெருவில் ஆடவைக்கப்பட்ட கரடிகள். மூக்கில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளையிட்டு, பற்களைத் தட்டி உடைத்து வளர்க்கப்பட்ட கரடியைக் காட்டில் விட முடியாது. அது சாகும்வரை அங்கேயே இருக்கும். அந்த மையத்தை நடத்தும் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பினர் கரடிகளை மீட்டதோடு நில்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கரடியாட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழிலும் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏற்பாடு செய்ததால்தான் 2009இல் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. நம் தமிழ்நாட்டில், தாயோடு சேர்க்க முடியாத யானைக் குட்டிகள் தெப்பக்காடு முகாமுக்குப் போகின்றன. அங்கே பாகன்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களும் அவற்றைத் தம் பிள்ளைகளாகவே வளர்க்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் முகாம் யானைகளாகவே வாழ்ந்து முடிகின்றன. உடவளவையில் முடிந்தது நம்மிடம் ஏன் முடியக் கூடாது என்று நான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். இறுதியாக, எலும்பு நொறுங்கி, தேற வழியே இல்லாமல் வலியில் கிடக்கும் விலங்குக்கு வலியற்ற முடிவைக் கொடுப்பதும் மருத்துவரின் கடமையில் அடங்கும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளுக்குச் சட்டம் அதற்குத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் அனுமதியைக் கேட்கிறது. அந்த நாளுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளாமல் இந்த வேலைக்கு வராதீர்கள்.

மையத்துக்கே கொண்டுவராமல் முடிந்துவிடும் மீட்பே எல்லாவற்றிலும் சிறந்தது. புனே மாவட்டம் ஜுன்னார் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் அடிக்கடி அகப்படுகின்றன. மருத்துவர் வந்து குட்டியைச் சோதித்து, உண்ணிகளை நீக்கி, பெட்டியில் வைத்து, அதே வயலில், அதே இடத்தில் அந்தியில் வைத்துவிட்டு விலகிவிடுவார். இருட்டிய பின் தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போவதைத் தானியங்கிக் கேமராக்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைப் பிரிந்த ஒரு யானைக் குட்டியை நம் வனத்துறையினர் டிரோன் உதவியோடு கூட்டத்தைத் தேடித் தாயோடு சேர்த்தார்கள். பின்னர் அந்தக் குட்டி தாயின் மேல் சாய்ந்து உறங்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டருகிலும் இதே விதிதான். கோடையில் தரையில் தத்தித் திரியும் மைனாக் குஞ்சும் குயில் குஞ்சும் பெரும்பாலும் அனாதைகள் அல்ல. பறக்கப் பழகும் பருவத்தில் இருப்பவை, வளர்க்கும் பறவை பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நாயும் பூனையும் அண்டாத ஒரு செடியின் மேல் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்யான நம்பிக்கை. உண்மையிலேயே காயம்பட்டிருந்தால், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில், துணிவிரித்து, இருட்டில் வைத்து, எதுவும் ஊட்டாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த உயிர் அரசின் உடைமை. 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. பச்சைக்கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும்கூட இது பொருந்தும். இரக்கப்பட்டு எடுத்து வளர்ப்பதும் குற்றமாகிவிடும்.

விலங்கியல் படித்தவருக்கு இடம் இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. விடுவித்த விலங்கைப் பின்தொடர்ந்து அது என்ன தின்கிறது, எங்கே உறங்குகிறது, எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் ஆள் பல மையங்களில் இல்லை. விடுவிக்கும் நாளோடு கணக்கை முடித்துக்கொண்டால், வளர்த்த முறை சரியா தவறா என்று யாருக்கும் தெரியாமலே போகும். அந்த வேலைக்கு உங்கள் படிப்பு நேரடியாகப் பயன்படும். ஆனால் தொடக்கத்தில் ஆறு மாதமாவது பராமரிப்பாளர்களோடு சேர்ந்து புட்டி கழுவவும் கொட்டடி கூட்டவும் அனுமதி கேளுங்கள். சில மையங்கள் ஏற்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால்வரை ரப்பர் காலணி வாங்கிக்கொள்ளுங்கள், அசாம் போவதானால் அசாமிய மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொண்டு போங்கள். வெள்ளக் காலம் ஜூன் இறுதியில் தொடங்கிவிடும், அதற்கு முன்பே போய்ச் சேருங்கள்.